விடுதலை தேதியோடு கதையை முடிக்காதீர்கள்

அடிமைமுறை ஒழிந்த பிறகான காலத்தை வைத்து நாவல் எழுத உட்காருபவர்கள் முதலில் சறுக்குவது ஆண்டில். அமெரிக்காவுக்கு 1865, உள்நாட்டுப் போர் முடிந்த வருடம். பார்படோஸ், ஜமைக்கா மாதிரி பிரிட்டன் ஆண்ட கரீபியன் தீவுகளுக்கு 1834 ஆகஸ்ட் 1. இரண்டையும் கலந்தால் கதை எந்த ஊரிலும் நிற்காது. அதேபோல ‘துரை’, ‘கங்காணி’ என்று எழுதாதீர்கள். வாசகர் பார்படோஸை விட்டு இலங்கை மலையகத்துக்குப் போய்விடுவார்.

சரி, தேதி பிடிபட்டாயிற்று. அன்று காலையே தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டு வெளியேறுகிறாள் என்று எழுதுவார்கள். பெரிய தவறு இதுதான். பிரிட்டன் ஆண்ட தீவுகளில் சட்டம் அவளுக்கு ‘பயிற்சித் தொழிலாளி’ என்று புதுப் பெயர் வைத்தது, அவ்வளவுதான். அதே முதலாளி, அதே கரும்பு, வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கும் மேல் கூலியில்லா வேலை. 1838 ஆகஸ்ட் 1 வரை இப்படித்தான். ஆன்டிகுவா தீவில் இந்த இடைக்காலம் கிடையாது. கதை அங்கே நடந்தால் நாலு வருடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது; பலரும் கவனிப்பதில்லை. 1834 ஆகஸ்ட் 1 அன்றைக்கு ஆறு வயது நிரம்பாத குழந்தை உடனே சுதந்திரம் பெற்றது. ஐந்து வயதுத் தம்பி விடுதலையானவன். ஏழு வயது அக்கா கட்டுப்பட்டவள். ஒரே குடிசை. தம்பி இனி முதலாளியின் சொத்து இல்லை என்பதால் அவனுக்குச் சோறு போடும் பொறுப்பும் அவருக்கு இல்லை. தாயால் முடியவில்லை என்றால், அவனை 21 வயது வரை பயிற்சித் தொழிலாளியாகத் தோட்டத்துக்கு எழுதிவைக்கச் சட்டம் வழி விட்டிருந்தது. பார்படோஸிலும் ஜமைக்காவிலும் தாய்மார்கள் பெரும்பாலும் மறுத்துவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை, எழுதிவைக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். அப்போதும் அவள் மாட்டேன் என்கிறாள். விலங்கு உடையும் காட்சியைவிட எனக்கு இதுதான் நாவல்.

அப்புறம், அவளை நம் சினிமா அம்மா ஆக்காதீர்கள். கிழங்கு பயிரிட்டாள், சந்தையில் பேரம் பேசினாள். 1838-க்குப் பிறகு பல பெண்கள் தோட்ட வேலையைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்துக்கும் பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்கினார்கள். கணக்குப் போடத் தெரிந்தவளாக அவளை எழுதுங்கள், கண்ணீர் தானாக வரும்.

பணத்தையும் மறக்கக் கூடாது. பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு முழுக்க உடைமையாளர்களுக்கு. விடுதலையான அந்த ஐந்து வயதுப் பையனுக்கும் ஒரு தொகை உண்டு. அதை வாங்கிக்கொண்டது முதலாளி.