சைக்காலஜி, கவுன்சலிங் மாஸ்டர்ஸ் படிக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் இப்ப நிறைய பிள்ளைங்க டிகிரி முடிச்சிட்டு, அக்கா சைக்காலஜில மாஸ்டர்ஸ் பண்ணலாமான்னு கேட்குதுங்க, கேட்கவே சந்தோஷமா இருக்கு, ஏன்னா நம்ம தோட்டத்து ஆளுங்களுக்குத் தமிழ்ல உட்கார்ந்து பேச கவுன்சலர் ரொம்ப வேணும். ஆனா கோர்ஸ் பேர்ல சைக்காலஜின்னு இருந்தா போதும், முடிச்சதும் கவுன்சலர் ஆயிடலாம்னு நினைச்சிடுறாங்க. பெரிய தப்பே அதுதான்.

இங்க 1998 கவுன்சலர் சட்டம் இருக்கு, ஆக்டா 580 (ஆக்டான்னா மலாய்ல சட்டம்). அதுபடி லெம்பாகா கவுன்சலோர்ல, அதாவது கவுன்சலர் வாரியத்துல பதிவு பண்ணி, தொழில் பண்றதுக்கான சர்டிஃபிகேட்டும் கையில இருந்தாத்தான் கவுன்சலர்னு போர்டு மாட்ட முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேற பாதை, அது 2016ல வந்த ஆக்டா 774க்குள்ள வரும். சைக்கியாட்ரிஸ்ட் டாக்டருக்குப் படிச்சவங்க, மருந்து எழுதறது அவங்க வேலை. மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

நானே மாட்டியிருப்பேன். ஒரு காலேஜ் ஆளு "எல்லாம் ஒண்ணுதான் சிஸ்டர்"னு அடிச்சுச் சொன்னாரு, பணம் கட்டப் போற நேரத்துல எங்க ஸ்கூல் கவுன்சலர் டீச்சர்தான் "லெம்பாகா இந்த கோர்ஸ ஒத்துக்குதான்னு கேட்டியாம்மா?"ன்னாங்க. கேட்டேன், இல்லன்னுட்டாங்க. எம்கியூஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தர்ற அரசாங்க அமைப்பு) அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க, அதோட விட்டுடாம லெம்பாகாவுக்கே எழுதிக் கேட்டு பதில வாங்கி வச்சிக்கோங்க.

அடுத்து, "எனக்கு நல்லா அட்வைஸ் பண்ண வரும், எல்லாரும் என்கிட்டதான் வந்து அழுவாங்க"ன்னு இதுக்கு வர்றது. பிராக்டிகம்ல, அதாவது நிஜ ஆளுங்களோட பேசிப் பழகுற பயிற்சியில, என் முதல் ரெக்கார்டிங்க சூப்பர்வைசர் முன்னாடி போட்டுக் கேட்டோம் (கிளையன்ட் சம்மதத்தோடதான் ரெக்கார்ட் பண்ணணும்). ரப்பர் பால்மரம் சீவி கை காய்ச்சுப்போன ஒரு அம்மா, மகன் போனதைச் சொல்ல வாயெடுத்துட்டு நிறுத்துறாங்க. உடனே நான், "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்." சூப்பர்வைசர் அங்கயே நிறுத்திட்டு, "அந்த அமைதி யாருக்குக் கஷ்டமா இருந்துச்சு, அவங்களுக்கா உனக்கா?"ன்னு கேட்டாங்க. எனக்குத்தான். ரெண்டு வருஷப் படிப்புல பாதி அந்த வாயக் கட்டிக்கிறதுக்கே போச்சு.

வீக்கெண்ட் கிளாஸ்தானே, வேலைய விடாமலே முடிச்சிடலாம்னு கணக்குப் போடாதீங்க, கிளாஸ் வேணா வீக்கெண்ட்ல இருக்கும், பிராக்டிகமும் இன்டர்ன்ஷிப்பும் பகல் நேரத்துல நிஜ ஆளுங்களோட இத்தனை மணி நேரம்னு முடிக்கணும், லீவுக்கு பாஸ்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. கேடபிள்யூஎஸ்பி (தொழிலாளர் சேமநிதி) அக்காவுன் செஜாத்ராங்கிற கணக்குல இருந்து படிப்புக்குப் பணம் எடுக்கலாம், ஆனா அந்த மாசங்கள்ல வீட்டுச் செலவுக்குத் தனியா ஒதுக்கி வச்சிட்டு அப்புறம் எடுங்க.

இன்னொண்ணு, கிளையன்ட் ரகசியத்தைக் காப்பாத்துறது, நம்ம மாதிரி சின்ன ஊர்லேருந்து படிக்கப் போறவங்க இத லேசா எடுத்துக்கவே கூடாது. இங்க எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். காலையில உங்க ரூம்ல அழுதவங்க சாயங்காலம் கோயில் அன்னதான வரிசையில உங்களுக்கு முன்னால நிப்பாங்க. பாசத்துல போய் "இப்ப எப்படிம்மா இருக்கீங்க?"ன்னு கேட்டுட்டீங்கன்னா பக்கத்துல நிக்கிற நாலு பேருக்கு விஷயம் தெரிஞ்சிடும். அதனால முதல் செஷன்லயே சொல்லிடுவேன், "வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன்மா, கோவிச்சுக்காதீங்க, நீங்க சிரிச்சா நானும் சிரிப்பேன்."