ஸ்கேனில் ‘பித்தப்பை ஸ்லட்ஜ்’ என்று வந்தால் என்ன செய்வது?

பித்தநீர் நெடுநேரம் தேங்கிக் கெட்டிப்பட்டால் கொழுப்புப் படிகம், கால்சிய உப்பு, சளி மூன்றும் சேர்ந்து பையின் அடியில் கசடாகத் தங்கும். ரிப்போர்ட்டில் ‘ஸ்லட்ஜ்’ என்று போடுவது இதைத்தான். பலருக்குத் தானே போய்விடும், சிலருக்குக் கல்லாகும். வைத்தியம் வேண்டுமா என்பதை ரிப்போர்ட்டை விட வலிதான் தீர்மானிக்கும்.

படி 1: ஸ்கேன் சரியாக எடுக்கப்பட்டதா?
6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். குடியாத்தம், வாணியம்பாடியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வேலூர் வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிடுவார்கள். பாலில் உள்ள கொழுப்பு போதும், பை சுருங்கிவிடும்; உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. ரிப்போர்ட்டில் சுவர் தடிமன் 3 மி.மீ.க்குள் இருக்கிறதா, பித்தக்குழாய் 6 மி.மீ.க்கு மேல் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். புரண்டு படுத்தால் கசடு நகர வேண்டும். நகரவில்லை என்று எழுதியிருந்தால் அது கட்டியா என்று உறுதி செய்ய மறு ஸ்கேன் அவசியம்.

படி 2: வலியைக் கவனியுங்கள்
வலது விலாவுக்குக் கீழோ மேல்வயிற்றிலோ, சாப்பிட்ட பிறகு அரை மணி முதல் சில மணி நேரம் வரை விடாமல் பிடித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவினால் அது பித்தப்பை வலி. வெறும் ஏப்பம், உப்புசத்துக்கு ஸ்லட்ஜ் மேல் பழி போடாதீர்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சள், நிற்காத வாந்தி, 6 மணி நேரம் தாண்டிய வலி இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்; அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். கசடு குழாயை அடைத்தால் கணையமே வீங்கிவிடும்.

படி 3: காரணத்தை நீக்குங்கள்
வாரம் 1.5 கிலோவுக்கு மேல் எடை குறைப்பது, நீண்ட பட்டினி, கர்ப்பம், செஃப்ட்ரையாக்சோன் என்ற கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) ஊசி ஆகியவை வழக்கமான காரணங்கள். ஊசியாலோ கர்ப்பத்தாலோ வந்தது பெரும்பாலும் பிறகு மறைந்துவிடும். எடை குறைக்க வேண்டுமானால் வாரம் அரை முதல் ஒரு கிலோ போதும்.

படி 4: சாப்பாடு
காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். பை சுருங்கினால்தான் தேங்கியது வெளியேறும், சுருங்கக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அதனால் எண்ணெயை அடியோடு நிறுத்துவது தப்பு. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 டீஸ்பூன் என்றால், நாலு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டருக்குள் அடங்கும். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், மோர் எல்லாம் தாராளமாக. வலி வந்து போன சில வாரங்களுக்கு ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் வேண்டாம்.

படி 5: மாத்திரை
வலி இல்லாதவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. தேவைப்பட்டால் டாக்டர் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் எழுதுவார். கிலோவுக்கு 8 முதல் 10 மி.கி. என்பது கணக்கு, 60 கிலோ எடைக்கு 300 மி.கி. இரண்டு வேளை. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், வயிற்றுப்போக்கு வரலாம். இது கொழுப்புக் கசடை மட்டுமே கரைக்கும். தென்னிந்தியாவில் கொழுப்புக்குப் பதில் பித்த நிறமி சேர்ந்து உருவாகும் நிறமிக் கற்கள் அதிகம், அவற்றிடம் இது செல்லாது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அதைக் குடித்தபின் மலத்தில் வரும் பச்சை உருண்டைகள் பித்தக்கற்கள் அல்ல, குடலில் எண்ணெய் சோப்பாக மாறிய கட்டிகள். திரும்பத் திரும்ப வலி வந்தாலோ, ஒரு தடவை கணையம் வீங்கினாலோ லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவை சிகிச்சையில்) பையை எடுப்பதுதான் வழி. கரையட்டும் என்று காத்திருக்கக் கூடாது.