மோனேயின் 'தோட்டத்தில் பெண்கள்' ஓவியத்தைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள கிளாட் மோனேயின் 'தோட்டத்தில் பெண்கள்' ஓவியத்தைக் காணும்போது, அந்த நான்கு பெண்கள் யார், அவர்களுக்குள் என்ன உறவு என்று கதை தேடத் தொடங்குவது இயல்பாக நேரும் தவறு. முகங்களை மோனே நுணுக்கமாக வரையவில்லை. பிற்காலத்தில் அவருடைய மனைவியான கமீல் ஒருவரே பெரும்பாலான உருவங்களுக்கு மாதிரியாக நின்றார் என்பதை அறிந்தால், ஒவ்வொருவரிடமும் தனிச் சாயலைத் தேடுவதில் பயனில்லை என்பது விளங்கும்.

தூரிகைத் தீற்றல்கள் வெளிப்படையாகத் தெரிவதால் இது அவசரத்தில் தீட்டப்பட்டது என்று எண்ணுவதும் பிழை. 1866ஆம் ஆண்டுக் கோடையில், பாரிஸுக்கு அருகிலுள்ள வில் தாவ்ரேயில் இதைத் தொடங்கிய மோனே, சுமார் இரண்டரை மீட்டர் உயரமுள்ள கித்தானின் மேற்பகுதியைத் தீட்டுவதற்காக, நிலத்தில் பள்ளம் வெட்டிக் கப்பியின் உதவியால் அதை உள்ளே இறக்கிக்கொண்டார். ஏணியில் ஏறினால் பார்வைக் கோணம் மாறிவிடும் என்பதால்தான் இத்தனை பாடு. அதே வேளையில், முழு ஓவியமும் வெட்டவெளியிலேயே முடிந்தது என்று சொல்வதும் சரியன்று. பிரான்சின் வடகரையிலுள்ள ஓன்ஃப்ளர் ஊரில் பணியறைக்குள்தான் அது நிறைவு பெற்றது.

1867இல், பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனின் நடுவர்கள் இதை நிராகரித்தனர். மோனேயின் நண்பரும் ஓவியருமான பசீல், மாதம் 50 பிராங்க் வீதம் செலுத்துவதாக ஒப்புக்கொண்டு, 2,500 பிராங்குக்கு வாங்கி அவருடைய வறுமைக்குத் தோள்கொடுத்தார். கணநேர ஒளியின் தோற்றத்தைத் தீட்ட முயன்ற ஓவிய இயக்கத்துக்கு 'இம்ப்ரெஷனிசம்' என்ற பெயர், மோனேயும் நண்பர்களும் 1874ஆம் ஆண்டு நடத்திய கண்காட்சியையொட்டித்தான் பிறந்தது. ஆகவே இதை அந்த இயக்கத்தின் முதிர்ந்த படைப்பாகக் கொள்ளாமல், அதற்கு வழிதிறந்த படைப்பாகக் கொள்வதே பொருத்தம். மோனேயையும், அவர் காலத்து மற்றோர் ஓவியரான மானேயையும் ஒருவராகக் குழப்பிக்கொள்வோர் உண்டு. இந்த ஓவியம் சிறிது காலம் மானேயின் உடைமையாகவும் இருந்திருப்பதால், இங்கே கூடுதல் கவனம் தேவை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, நிழல் என்றால் ஒளி இல்லாத இடம் என்று கருதி அதைக் கடந்துவிடும் பழக்கமே. முன்புறத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணின் அகன்ற வெள்ளை உடையைப் பாருங்கள். நிழல் விழுந்த இடத்தில் அந்த வெண்மை கறுத்துப்போகவில்லை. நீலச் சாயல் கொண்டிருக்கிறது. நேர் வெயில் மறைக்கப்பட்ட இடத்திலும் வானத்தின் நீல ஒளி இறங்கிக்கொண்டிருப்பதால் திறந்தவெளி நிழல் அப்படித்தான் இருக்கும் என்றாலும், பழுப்பையும் கறுப்பையும் குழைத்து நிழல் தீட்டும் பணியறை மரபில் வளர்ந்த கண்களுக்கு அது அந்நியமாகவே பட்டிருக்க வேண்டும். கைபேசித் திரையில் சுருங்கிய படத்தில் இந்த நீலம் வெறும் சாம்பலாகத் தோன்றக்கூடும். ஆதலால் கிடைக்கும் பிரதிகளில் பெரியதைத் தேர்ந்து, முதலில் நடைபாதையின் குறுக்கே விழும் வெயில் பட்டையைக் கண்ணால் தொடருங்கள். அது அவளுடைய உடையின் மேல் ஏறிச் செல்லும். அங்கிருந்து முகத்துக்குப் போனால், குடை வெயிலை மறைத்திருந்தும் அந்த முகம் இருண்டுபோகாமல் இருப்பதையும், மடியில் விரிந்த வெள்ளைத் துணியிலிருந்து எழும் எதிரொளி அதைத் தொட்டிருப்பதையும் காண்பீர்கள்.