மைட்டர் சா: மரத்தின் முதுகு எந்தப் பக்கம்?

மரத்தைக் கோணத்தில் வெட்டும் மெஷினான காம்பவுண்ட் மைட்டர் சா இப்போது சின்னத் தச்சுப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது, வீட்டு மொட்டைமாடிக்கும் வந்துவிட்டது. கைரம்பத்தில் பொறுமையைச் சோதிக்கும் 45 டிகிரி வெட்டு இதில் மூன்று விநாடி வேலை. புதிதாகக் கை வைப்பவரை ஏமாற்றுவதும் அந்தச் சுலபம்தான். 10 இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது பல்லின் முனை மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் எதையும் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாது. திருத்த வேண்டியதெல்லாம் சுவிட்சை அழுத்தும் முன்பே திருத்தியாக வேண்டும்.

கண்ணாடி போடுங்கள், காதை அடைத்துக்கொள்ளுங்கள், பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறோம். ஒரு காலத்தில் நாங்களும் செய்தவைதான். புதிதாக வருபவர்கள் அதையே வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

பூஜ்ஜியக் கோட்டை நம்புவது

பெட்டியிலிருந்து எடுத்ததும் அளவுகோலில் முள் 0-வில் நிற்கிறது. அதனால் வெட்டு நேராக வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். முள் என்பது ஒரு ஸ்க்ரூவில் மாட்டிய தகடுதான். லாரியில் வந்த மெஷினில் ஃபென்ஸே, அதாவது மரத்தைச் சாய்த்து வைக்கும் பின்சுவரே, நகர்ந்திருக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலையை (மோட்டாரும் பிளேடும் உள்ள பகுதியை) கீழே இறக்கிப் பூட்டுங்கள். மூலைமட்டத்தின் ஒரு கையை ஃபென்ஸில் சாய்த்து, மறு கையைப் பிளேடின் உடம்பில் ஒட்ட வையுங்கள். பல்லில் படக் கூடாது. கார்பைடு முனை தகட்டைவிடத் தடிமனாக இருக்கும் என்பதால், பல்லில் பட்டால் கணக்கு தப்பும். சந்து தெரிந்தால் ஃபென்ஸ் போல்ட்டுகளைத் தளர்த்திச் சரிசெய்து, மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் ஃபென்ஸ் மறுபடி நகரும். அடுத்தது டேபிளுக்கும் பிளேடுக்கும் உள்ள 90 டிகிரி. இதற்குப் பின்பக்கம் ஸ்டாப் போல்ட் இருக்கும். ஃபென்ஸ் முதலில், சாய்வு பிறகு.

மூலைமட்டமே கோணலாக இருக்கலாம். அதனால் கடைசித் தீர்ப்பை மரத்திடம் விடுவது நல்லது. இரு விளிம்பும் இணையாக உள்ள 100 மி.மீ. அகல பிளைவுட் துண்டை நடுவில் வெட்டுங்கள். ஒரு பாதியை மட்டும் குப்புறப் புரட்டி, இரண்டையும் ஃபென்ஸில் ஒட்டவைத்துச் சேருங்கள். தெரியும் சந்து உண்மைப் பிழையைப் போல இரண்டு மடங்கு. 1 மி.மீ. சந்து என்றால் பிழை அரை மி.மீ., கோணத்தில் ஏறத்தாழ 0.3 டிகிரி. இது சின்னதாகத் தோன்றும். ஆனால் ஒரு போட்டோ ஃபிரேமுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் கால் டிகிரி தப்பினால் நாலாவது மூலையில் 2 டிகிரி வாய் பிளந்து நிற்கும். அதைப் பட்டி வைத்து மூடுவார்கள், வார்னிஷ் அடித்ததும் பல்லிளிக்கும்.

வளைந்த சட்டத்தை அப்படியே வைத்து வெட்டுவது

எங்களுக்கு இன்னும் எரிச்சல் தருகிற தவறு இது. மரத்தையும் பிளேடையும் கெடுத்து, சமயத்தில் விரலையும் கேட்கிறது. இத்தனைக்கும் இதைத் தவிர்க்கப் பத்து விநாடி போதும்.

மர டிப்போவில் வாங்கும் ரீப்பர் எதுவும் கோல் போல நேராக இருப்பதில்லை. சரியாகக் காயாத மரம் வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் வில்லாக வளைகிறது. வளைந்த சட்டத்துக்கு ஒரு முதுகு, ஒரு குழி. குழிப் பக்கத்தை ஃபென்ஸில் வைத்தால் இரண்டு முனையும் ஃபென்ஸைத் தொடும், நடுவில் சந்து. பார்ப்பதற்கு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆட்டம் இல்லை என்பதாலேயே புதியவர் இதைத்தான் சரி என்று எடுத்துக்கொள்கிறார்.

பிளேடு இறங்கும்போது நடப்பதைப் பாருங்கள். பற்கள் கீழே ஃபென்ஸை நோக்கித் தள்ளும் திசையில்தான் இந்த மெஷின் சுற்றுகிறது. நடுவில் பிடிமானம் இல்லாத மரம் அந்தத் தள்ளலில் ஃபென்ஸ் பக்கம் நகரும். வெட்டு முடியும் தறுவாயில் இரண்டு பாதியும் தனித்தனியாகத் திரும்பி உள்ளே விழும். அப்போது வெட்டு வாய் நம் பக்கத்தில் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். வெட்டின் அகலமே ஏறத்தாழ 3 மி.மீ.தான். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே இருக்கும் இடம் அரை மி.மீ. கூட இல்லை, கவ்வுவதற்கு அதிக வளைவு வேண்டாம். 'டப்' என்ற சத்தத்தோடு சட்டம் குதிக்கும், சின்னத் துண்டு ஃபென்ஸுக்கு மேலே பறக்கும். சட்டத்தை அழுத்திக்கொண்டிருந்த கை, சட்டம் போகும் பக்கம் இழுபடும்.

கை தப்பினாலும் சேதம் அத்தோடு நிற்பதில்லை. இரண்டு மூன்று கார்பைடு முனை தெறித்திருக்கும், பிளேடுத் தகடு லேசாக வளைந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. அடுத்த ஒரு மாதம் வெட்டெல்லாம் கருகலும் கோடுமாக வரும்போது மெஷினில் கோளாறு என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

சரியான வழி இதற்கு நேர்மாறானது. சட்டத்தை ஒரு முனையில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக்கண்ணை மூடி விளிம்போடு பாருங்கள். முதுகு எந்தப் பக்கம் என்று பென்சிலால் ஒரு வில் வரையுங்கள். முதுகுதான் ஃபென்ஸைத் தொட வேண்டும், அதுவும் வெட்டுக்கோடு இருக்கும் இடத்தில் தொட வேண்டும். இப்போது முனைகள் ஃபென்ஸை விட்டு விலகி நிற்கும், சட்டம் கொஞ்சம் ஆடும். ஆடினால் பரவாயில்லை. விலகிய இடத்தில் ஒரு ஆப்பு செருகி, வெட்டு இடத்துக்குப் பக்கத்தில் கிளாம்ப் போடுங்கள். வெட்டும் இடத்தில் ஃபென்ஸ் தாங்கி நிற்பதால் மரம் உள்ளே போக வழியில்லை, வாய் மூடாது.

சந்தேகமாக இருந்தால் மெல்லிய ஆக்சா பிளேடு ஒன்றை வெட்டுக்கோட்டுக்கு அருகில் ஃபென்ஸுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் வெட்டாதீர்கள். டேபிளிலும் இதே சோதனை: வெட்டும் இடத்தில் அடியில் சந்து இருந்தால் நடுப்பகுதி இறங்கும், வாய் மேலே மூடும்.

இன்னொரு கணக்கும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரே சீரான வளைவாக இருந்தால், நீளம் பாதியானதும் வளைவு கால்பங்காகிவிடும். 8 அடிச் சட்டத்தில் நடுவே 12 மி.மீ. வளைவு இருந்தால், அதையே 2 அடித் துண்டுகளாக வெட்டிய பின் ஒவ்வொன்றிலும் முக்கால் மி.மீ.தான் மிஞ்சும். ஆகவே முழு நீளத்தையும் மெஷினில் தூக்கி வைத்து நேரடியாக இறுதி அளவுக்கு வெட்டாதீர்கள். ஒரு இன்ச் கூட்டி, கைரம்பத்தாலோ ஜிக்சாவாலோ முதலில் பிரியுங்கள். அளவு வெட்டு மட்டும் மைட்டர் சாவில்.

முறுக்கிய சட்டம், அதாவது டேபிளில் வைத்தால் எதிர் மூலைகள் மட்டும் தொடுகிற சட்டம், இந்த மெஷினுக்கு ஆகாது. இழைத்து ஒரு முகத்தைத் தட்டையாக்காமல் அதைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

வெட்டும்போதே மோட்டார் சத்தம் கனத்து இறங்கினால் கவ்வத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நொடியில் எல்லாரும் செய்வது தலையை மேலே தூக்குவது. கூடாது. சுவிட்சை விடுங்கள், தலை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மரத்தை விடாதீர்கள். பிளேடு முழுதாக நின்ற பிறகுதான் தலையைத் தூக்கி மரத்தை எடுக்க வேண்டும்.

சுற்றும் பிளேடை மேலே தூக்குவது

வெட்டு முடிந்ததும் நின்ற பிறகு தூக்குங்கள். பிரேக் உள்ள மெஷினில் மூன்று நான்கு விநாடி, இல்லாததில் இன்னும் கூட ஆகும். சுற்றிக்கொண்டே மேலே வரும் பிளேடின் பின்பற்கள் வெட்டுப்பட்ட சின்னத் துண்டைக் கவ்வி மேலே எறியும். வெட்டு முகத்திலும் அரைவட்டக் கீறல் விழும்.

இரண்டு பக்கமும் அடைப்பது

ஒரே நீளத்தில் இருபது துண்டு வேண்டுமென்றால் ஸ்டாப் கட்டை வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் கட்டை இருக்கும் பக்கத்துத் துண்டைத்தான் கையோ கிளாம்போ பிடித்திருக்க வேண்டும், மறு பக்கம் சுதந்திரமாக விலகிப் போக வேண்டும். கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவே பிடிக்காமல் கிடக்கும் துண்டு வெட்டுப்பட்டதும் போக இடமின்றிக் கோணலாகி, பிளேடில் சிக்கித் தெறிக்கும். கட்டையை டேபிளிலிருந்து 3 மி.மீ. உயர்த்தி மாட்டுங்கள். இல்லாவிட்டால் மூலையில் மரத்தூள் சேர்ந்து ஏழாவது, எட்டாவது துண்டிலிருந்து நீளம் குறைய ஆரம்பிக்கும்.

பிளேடை மூடும் கார்டைக் கம்பி போட்டுக் கட்டுவது

அவிழ்த்துவிடுங்கள். இப்போதே. ஒட்டிக்கொள்கிறது என்றால் பிசினைத் துடையுங்கள்.

கையுறை, தோளில் துண்டு, மணிக்கட்டில் சாமிக் கயிறு

மூன்றும் வேண்டாம்.

சின்னத் துண்டைக் கையால் பிடிப்பது

பிளேடிலிருந்து இரு பக்கமும் 6 இன்ச் தூரத்துக்குள் விரல் வரக் கூடாது. அந்தத் தூரத்தில் பிடிக்க முடியாத துண்டு கையால் பிடிக்கும் துண்டு அல்ல, கிளாம்புக்கு உரியது. 2 இன்ச் பீடிங் (அலங்கார விளிம்புப் பட்டை) துண்டு வேண்டுமென்றால் நீளமான பீடிங்கின் முனையிலிருந்து எடுங்கள். துண்டை எடுத்து இன்னும் கொஞ்சம் சீவலாம் என்று போகும் இடத்தில்தான் விபத்து. ஃபென்ஸில் 12 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை ஸ்க்ரூவால் பொருத்தி, பிளேடால் ஒருமுறை வெட்டிவிட்டால் நடுவிலுள்ள பெரிய இடைவெளி அடைபடும், சின்னத் துண்டு அதற்குள் சரியாது. கையைக் குறுக்கே மாற்றிப் பிடித்து வெட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

கிடைத்த பிளேடைப் போடுவது

சர்குலர் சாவுக்கு வாங்கிய 24 பல் பிளேடு மீதி இருக்கிறதே என்று இதில் மாட்டுகிறார்கள். நீளவாக்கில் கிழிக்கும் அந்தப் பிளேடின் பற்கள் முன்னோக்கி 20 டிகிரி வரை சாய்ந்திருக்கும். மைட்டர் சாவில் அந்தச் சாய்வு பிளேடை மரத்துக்குள் தானாக இழுத்துக்கொண்டு போகும், தலை முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிங் மெஷினில் தலையே நம் மேல் ஏறி வரும். இதற்கென்று விற்கும் பிளேடில் அந்தச் சாய்வு (ஹூக் ஆங்கிள்) குறைவாகவோ, மைனஸ் 5 டிகிரியாகவோ இருக்கும். பொது வேலைக்கு 60 பல், பீடிங்கும் ஃபிரேமும் என்றால் 80. துளை 25.4 மி.மீ.யா 30 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான மெஷின்களில் பிளேடு போல்ட் இடப்புரி, கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கிவிட்டு, போல்ட் துருப்பிடித்துவிட்டது என்று சுத்தியலைத் தேடாதீர்கள்.

ஸ்லைடிங் மெஷினில் தலையை முன்னே இழுத்து, கீழே இறக்கி, பின்னே தள்ளித்தான் வெட்ட வேண்டும். இழுத்துக்கொண்டே வெட்டினால் பிளேடு மரத்தின் மேல் ஏறி வரும்.

கார்னிஸ் பீடிங்குக்கு 45, 45 வைப்பது

காம்பவுண்ட் என்ற பெயரைப் பார்த்ததும் மைட்டரை (டேபிள் திரும்பும் கோணம்) 45, சாய்வை (பிளேடு சாயும் கோணம்) 45 என்று திருப்பிவிடுகிறார்கள். மூலை ஒட்டவே ஒட்டாது. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வரும் இந்தப் பீடிங்கைத் தலைகீழாக, சுவரில் நிற்கும் அதே சாய்வில் ஃபென்ஸில் சாய்த்து வைத்தால் மைட்டர் 45 மட்டும் போதும், சாய்வு பூஜ்ஜியம். படுக்க வைத்து வெட்டினால்தான் இரண்டும் தேவை. 90 டிகிரி மூலைக்கு, 45-45 பீடிங் என்றால் மைட்டர் 35.3, சாய்வு 30. 38-52 பீடிங் (சுவரோடு 38, கூரையோடு 52 டிகிரியில் நிற்பது) என்றால் மைட்டர் 31.6, சாய்வு 33.9. பல மெஷின்களின் அளவுகோலில் 31.6 தனியாகக் குறிக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

பிளேடைச் சாய்க்கும் முன் ஃபென்ஸின் மேல்பகுதியை வெளியே நகர்த்துங்கள். பிளக்கைப் பிடுங்கி, தலையை ஒருமுறை முழுதாக இறக்கிப் பாருங்கள். அலுமினிய ஃபென்ஸை வெட்டிய பிளேடு அதன் பிறகு மரத்துக்கு உதவாது.

நீளச் சட்டத்தைத் தொங்கவிடுவது

இரு பக்கமும் டேபிள் மட்டத்துக்கே தாங்கு கட்டை வேண்டும். நேரான பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து மட்டம் பாருங்கள். தொங்கும் முனை கனத்தில் இறங்கினால், வெட்டுப் பக்க முனை எழும்பிப் பிளேடில் முட்டும். மெஷினையும் பெஞ்சில் போல்ட் போட்டு நிறுத்துங்கள், தரையில் வைத்துக் குந்தி வெட்டாதீர்கள்.

மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர்

1,800 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். டேபிள் ஃபேனுக்கு வாங்கிய வயரில் மாட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும், சூடாகும். கொஞ்ச தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ., 15 மீட்டருக்கு மேல் போனால் 2.5. சுருளாக வைத்து ஓட்டாமல் முழுதாக விரித்துப் போடுங்கள், பிளேடுக்குப் பின்பக்கமாக.