எல்க்கை வீழ்த்திய பிறகு: மலையிலிருந்து கறியை இறக்கும்போது நடக்கும் தவறுகள்

எல்க் நம்மூர்க் கடமானுக்குத் தூரத்து உறவு. உடல் அதைவிடப் பெரிது. அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் திரியும் முதிர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை எல்லாம் நீக்கினாலும் 90 முதல் 120 கிலோ கறி தேறும், பெண் எல்க்கானால் 60 முதல் 80 கிலோ. சாலையே இல்லாத மலைக்காட்டில், 3000 மீட்டர் உயரத்தில், இவ்வளவையும் முதுகில் சுமந்துதான் இறக்க வேண்டும். கெட்டுப்போகும் கறியில் பெரும்பங்கு துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே தவறிய ஒரு கணக்கால்தான் கெடுகிறது.

அந்தக் கணக்கு இப்படிப் போகும். வண்டி 5 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆள் ஒருவர், ஒரு நடைக்கு 30 கிலோ. நாலு சுமை என்றால் சுமையோடு நாலு முறை இறங்க வேண்டும், வெறுங்கையோடு மூன்று முறை ஏற வேண்டும். மொத்தம் 35 கிலோமீட்டர். விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி, சுமையோடு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே பெரிய விஷயம். ஆக ஒற்றை ஆளுக்கு இது இரண்டு நாள் வேலை. செப்டம்பர் மாதப் பகல் வெயிலில் கறி இரண்டு நாள் தாங்காது. "முதலில் விழட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நினைப்பவர்கள் சுடாமல் விடுவதே நல்லது. பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும் எல்க்குக்கும் இதே பேச்சுதான்: வண்டி மேலே இருந்தால், கறி ஒவ்வொரு கிலோவாக மேலே ஏற வேண்டும்.

விழுந்த முதல் பத்து நிமிடம்

பின்பக்கமாக அணுகி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண் இமைத்தால் உயிர் இருக்கிறது. படம் எடுப்பதற்கு முன் டேக்கை, அதாவது வேட்டை உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டைக் கவனியுங்கள். கொலராடோ மாநிலத்தில் விலங்கு விழுந்த உடனே டேக்கில் கையெழுத்தும் தேதியும் இட்டுப் பிரித்தாக வேண்டும். முகாமுக்குப் போய்ச் செய்யலாம் என்று விடுவது விதிமீறல். சரிவில் கிடந்தால், கத்தியை எடுக்கும் முன் ஒரு காலைக் கயிற்றால் மரத்தில் கட்டிவிடுங்கள். பாதி உரித்த எல்க் உருள ஆரம்பித்தால் ஆளால் பிடிக்க முடியாது. இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வதும் இப்போதே. இருட்டில் எல்லாப் புதரும் ஒன்று போலத்தான் தெரியும்.

தோலோடு விட்டுவைப்பது

இதுதான் தலையாய தவறு. "இரவு உறைபனி விழுகிறது, காலையில் வந்து வெட்டிக்கொள்ளலாம்" என்று குடலை மட்டும் எடுத்துவிட்டுப் போகிறார்கள். எல்க்கின் தோலும் மயிரும் குளிர்காலத்துக்கென்றே அமைந்த கம்பளி. உடல் சூடு 38 டிகிரிக்கு மேல் இருக்கும். வெளியே பூஜ்யம் டிகிரி ஆனாலும், தரையை ஒட்டிக் கிடக்கும் பக்கத்தில் தொடையின் உள்ளே காலையிலும் சூடு அடங்கியிருக்காது. இடுப்புப் பந்துக்கிண்ண மூட்டைச் சுற்றிக் கறி புளித்து நாற ஆரம்பிக்கும். மேலே பார்த்தால் சிவப்பாக நன்றாகவே இருக்கும்; எலும்போரம் வெட்டினால்தான் பச்சையும் நாற்றமும் தெரியும்.

குடலை எடுக்காமலேயே கறியைப் பிரிக்கும் முறைதான் தொலைகாட்டில் பலரும் கையாள்வது. எல்க்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, வால் அடியிலிருந்து பிடரிவரை முதுகுத்தண்டை ஒட்டித் தோலைக் கீறி, வயிற்றை நோக்கி உரிக்க வேண்டும். முன்னங்கால் சப்பைக்கும் உடம்புக்கும் எலும்பு இணைப்பே கிடையாது, சதைதான். காலைத் தூக்கிப் பிடித்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். பின்னந்தொடைக்கு இடுப்பெலும்பை ஒட்டியே வெட்டிக்கொண்டு போய், பந்துமூட்டின் உள்ளே இருக்கும் நாரை அறுத்தால் கழன்றுவிடும். பிறகு இடுப்பிலிருந்து கழுத்துவரை ஓடும் முதுகுக்கறி, கழுத்துச் சதை, விலாவின் மேல் சதை. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு கீறல் போட்டுக் குடலைக் கீழே அமுக்கினால் முதுகெலும்பின் அடியில் இருக்கும் மென்சதை கைக்கு வரும். பிறகு புரட்டி மறுபக்கம். ஈரலும் இதயமும் வேண்டுமென்றால் கடைசியில் வயிற்றைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வேலையில் சின்னச் சின்னப் பிழைகள் நிறைய. தோலை வெளியிலிருந்து உள்ளே வெட்டினால் வெட்டுண்ட மயிர் எல்லாம் கறியில் ஒட்டும். கத்தி முனையை உள்ளே விட்டு வெளிப்பக்கமாக அறுத்தால் ஒட்டாது. இணைசேரும் பருவத்தில் ஆண் எல்க் தன் மேலேயே மூத்திரம் விட்டுக்கொண்டு சேற்றில் புரளும். அந்த மயிரைத் தொட்ட கையுறையோடு கறியைத் தொட்டால் வீச்சம் சமையல்வரை வரும். கழற்றி மாட்டும் மெல்லிய பிளேடுக் கத்தி தோலுக்கு அருமை. ஆனால் மூட்டுக்குள் விட்டு நெம்பினால் முறிந்து, துண்டு கறிக்குள் போய்விடும். மூட்டுக்குக் கெட்டியான கத்தி தனியாக வேண்டும். கத்தி போகும் பாதையில் மறுகை இருக்கவே கூடாது. களைத்துப்போய் நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் வெட்டும்போது தொடையில் குத்திக்கொள்வது சர்வசாதாரணம். ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையும் செயற்கைக்கோள் செய்திக் கருவியும் பையின் மேலறையில் இருக்கட்டும்.

எலும்பை நீக்குவதா வேண்டாமா? பின்னந்தொடை ஒன்றில் எலும்பு மட்டும் நாலைந்து கிலோ. தூரம் அதிகம், வெயில் உண்டு என்றால் தயங்காமல் நீக்குங்கள். சூடும் சீக்கிரம் இறங்கும். குளிரும் குறைந்த தூரமும் என்றால் எலும்போடு விடுவதே மேல். விறைப்பு வந்து அடங்கும் முன் எலும்பிலிருந்து பிரித்த சதை சுருங்கிக் கெட்டியாகிவிடும். நீக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பல மாநிலங்களில் விலங்கு ஆணா பெண்ணா என்பதற்கான சான்று, ஒரு கறித்துண்டோடு இயற்கையாக ஒட்டியபடியே இருக்க வேண்டும். நேர்த்தியாக வெட்டுகிறேன் என்று அதையும் சீவி எறிந்தவர்கள் சாலைச் சோதனையில் மாட்டுவார்கள்.

பிரித்த கறியைப் பிளாஸ்டிக் பையில் கட்டுவது சூட்டை மூடிவைப்பது போலத்தான். கேம் பேக் எனப்படும் காற்றோட்டமுள்ள துணிப்பைகள் ஐந்தாறு கொண்டுபோங்கள். நிழலில், ஓடைக்குப் பக்கத்துக் குளிர்ந்த காற்றுப் படும்படி தொங்கவிட வேண்டும். ஓடைத் தண்ணீருக்குள் அப்படியே அமிழ்த்துவது வேண்டாம். ஈரமான கறி சீக்கிரம் கெடும்.

சுமையும் பாதையும்

அன்றாடப் பையில் 30 கிலோவைத் திணித்தால் தோள்பட்டை வார் பிய்ந்துவிடும். சட்டமுள்ள பை வேண்டும். கறியைச் சட்டத்தை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உயரத்தில் கட்டினால் எடை இடுப்பில் இறங்கும். அடியில் தொங்கினால் பின்னால் இழுக்கும். தரையில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு எழ முயல்வதை விட, இடுப்பளவு உயர மரக்கட்டை மேல் பையை வைத்து மாட்டுவது முட்டிக்கு நல்லது. இரண்டு ஊன்றுகோலும் கட்டாயம். "ஒரு நடையைக் குறைத்துவிடுவேன்" என்று 50 கிலோ தூக்குபவர் இறக்கத்தில் கணுக்கால் பிசகி உட்கார்ந்தால், கறியோடு அவரையும் சேர்த்தே இறக்க வேண்டியிருக்கும்.

கனமான பின்னந்தொடைகளை உடம்பில் தெம்பு உள்ளபோதே கொண்டுபோய்விடுங்கள். கொம்புக்கு என்ன அவசரம்? அது அழுகாது, கடைசியில் வரட்டும். அதைச் சுமக்கும்போது பளீர் ஆரஞ்சுத் துணி சுற்றுங்கள். புதருக்குள் அசையும் கொம்பைப் பார்த்து இன்னொரு வேட்டைக்காரர் துப்பாக்கியைத் தூக்கிவிடக் கூடாது. தூரம் அதிகமானால் எல்லாச் சுமையையும் 500 மீட்டர் தள்ளி அடுத்த நிழலுக்கு மாற்றி, பிறகு அடுத்த 500 என்று கட்டம் கட்டமாக நகர்த்தலாம். திரும்பி நடப்பதே ஓய்வாகிவிடும், கறியும் கண்பார்வையில் இருக்கும்.

சக்கர வண்டியை நம்பி வருபவர்களுக்கு ஒரு தகவல். 1964 சட்டப்படி வில்டர்னஸ் என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் மோட்டார் வண்டி மட்டுமல்ல, கையால் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டிக்கும் அனுமதி இல்லை. குதிரையோ கோவேறு கழுதையோ போகலாம்: ஒன்றுக்கு 70 கிலோ அளவுதான், இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும், ரத்த வாடைக்குப் பழகிய விலங்காகவும் இருக்க வேண்டும்.

கரடி

கொலராடோவில் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி கடைசியாகக் கொல்லப்பட்டது 1979ல். அங்கே இப்போது கருங்கரடிக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும். மொன்டானாவிலும் வயோமிங்கிலும் கதை வேறு. 2018 செப்டம்பரில் வயோமிங்கின் டீட்டன் வில்டர்னஸில், முந்தைய நாள் அம்பு பட்ட எல்க்கை எடுக்கப் போன வழிகாட்டி ஒருவர் கிரிஸ்லி தாக்கி இறந்தார். இரவு முழுக்கக் கிடந்த உடலுக்குத் திரும்பிப் போகும் அந்த நேரம்தான் ஆபத்து மிகுந்தது.

கறியைக் குடல் குவியலிலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விலகித் தொங்கவிடுங்கள். தூரத்திலிருந்தே பைனாகுலரில் தெரியும் வெட்டவெளியைத் தேர்ந்தெடுங்கள். அடர்ந்த மரக்கூட்டத்துக்குள் தொங்கவிட்டால் பக்கத்தில் போன பிறகுதான் கரடி இருப்பது தெரியும். திரும்பி வரும்போது சத்தம் போட்டுக்கொண்டே வரவேண்டும். கரடி ஸ்ப்ரே இடுப்புப் பட்டையில். பைக்குள் கறிக்கு அடியில் இருக்கும் ஸ்ப்ரே இருந்தும் இல்லாததே. ஒருவர் வெட்டும்போது மற்றவர் கண் சுற்றிலும் இருக்கட்டும். உடல்மேல் மண்ணும் இலையும் வாரிப் போட்டிருந்தால் கரடி அதைத் தனதாக்கிக்கொண்டது. விட்டுவிட்டு வந்து மாநில வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள்.

வண்டிக்கு வந்த பிறகு

ஐஸ் பெட்டியில் தளர்வான ஐஸைக் கொட்டினால் உருகிய தண்ணீரில் கறி ஊறும். பெரிய கேன்களில் தண்ணீரை வீட்டிலேயே உறைய வைத்துக் கொண்டுவந்தால் அந்தத் தொல்லை இல்லை. பெட்டி 4 டிகிரிக்குக் கீழே நிற்க வேண்டும், வடிகால் திறந்திருக்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டுவதானால் தலையையும் முதுகெலும்பையும் கொண்டுபோகத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். மானினத்தைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. என்ற மூளைநோய்க்கு எதிரான கட்டுப்பாடு அது. சோதனைக்கு மாதிரி கொடுத்திருந்தால், முடிவு வரும்வரை அந்த எல்க்கின் பொட்டலங்களை வேறெதோடும் கலக்காமல், தனிக் குறியிட்டு உறைபெட்டியில் வையுங்கள்.