தூக்கம் வர வெதுவெதுப்பான குளியல்

படுத்தும் தூக்கம் வரவில்லையா? படுப்பதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பு, 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் குளித்துப் பாருங்கள்.

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் முன்பகுதியில், உடல் வெப்பத்தைக் கவனிக்கும் நரம்புச் செல்களும் தூக்கத்தைத் தொடங்கிவைக்கும் செல்களும் பிணைந்தே வேலை செய்கின்றன. தோல் சூடானதும் அவை விழிப்பு மையங்களை அடக்கத் தொடங்கும். கூடவே கை கால்களில் ரத்த ஓட்டம் கூடி, உடலின் உள்வெப்பம் வெளியேறும். இந்த இறக்கம்தான் ரொம்ப முக்கியம். அதனால் குளித்த கையோடு படுக்காதீர்கள், உடல் ஆற நேரம் கொடுங்கள்.

குளிக்க முடியாதவர்கள் பாதங்களை மட்டும் வாளி நீரில் வைக்கலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது வேண்டாம்; சூடு தெரியாமல் புண்ணாகிவிடும்.