சிடியின் எந்தப் பக்கத்தில் பாட்டு இருக்கிறது?

பழைய சிடிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் மின்னும் அடிப்பக்கத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பார்கள். படம் அச்சிட்ட மேல்பக்கத்திலோ பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதுவார்கள். எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். 1.2 மி.மீ. தடிமனுள்ள பாலிகார்பனேட் தட்டின் மேல்முகத்தில்தான் பாட்டைத் தாங்கும் நுண்குழிகள் இருக்கின்றன. அவற்றின்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன்மேல் ஒரு வார்னிஷ், பிறகு அச்சு, அவ்வளவுதான் பாதுகாப்பு. லேசர் கீழிருந்து தட்டை ஊடுருவி அந்தக் குழிகளைப் படிக்கிறது. அடியில் விழுந்த கீறலைப் பெரும்பாலும் மெருகேற்றிச் சரிசெய்துவிடலாம். மேலே அலுமினியம் உரிந்தால் அந்த இடத்துப் பாட்டு போனது போனதுதான். தட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை போல ஓரிரு ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் பரவாயில்லை. திட்டுத் திட்டாகத் தெரிந்தால் உடனே நகல் எடுங்கள்.

கிராமபோன் தட்டைத் துடைத்த பழக்கத்தில் சிடியையும் வட்டமாகத் துடைப்பது அடுத்த தவறு. குழிகள் சுருளாக ஓடும் தடத்தின் போக்கில் ஏறக்குறைய 2.5 மி.மீ. வரை தரவு தொலைந்தாலும் சிடியின் பிழைதிருத்த முறை ஈடுகட்டிவிடும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளிதான் கெடுக்கும். தடத்தோடு ஓடும் கீறலோ இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். ஆகவே நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள்.

கம்ப்யூட்டரில் ரைட் செய்த சிடியைக் கடையில் வாங்கியதோடு சேர்த்து எண்ணக் கூடாது. அதில் குழிகள் இல்லை, சாயம்தான் இருக்கிறது. வெயிலில் அது கெட்டுவிடும்.

அச்சில் வார்த்த சிடிக்கும் சாகாவரம் கிடையாது. 1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தபின், ‘என்றென்றைக்கும் குறையில்லாத ஒலி’ என்றே பிலிப்ஸ் விளம்பரம் செய்தது. ஆனால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் 1988 முதல் 1993 வரை தயாரான தட்டுகள் பல செம்பழுப்பாக மாறின. உறைக் காகிதத்தில் இருந்த கந்தகத்தை அவற்றின் வார்னிஷால் தடுக்க முடியவில்லை. இந்தக் கறை விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவுகிறது. சிடியோ நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது. பழைய சிடி வாங்கும்போது முதல் பாட்டைப் போட்டுப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், கடைசிப் பாட்டைக் கேளுங்கள்.

கதை சொல்வதிலும் ஒரு தவறு ஊறிப்போயிருக்கிறது: பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழுவதும் அடங்க வேண்டும் என்பதற்காகவே சிடிக்கு 12 செ.மீ. அகலம் வைத்தார்கள் என்பது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து சிடியை உருவாக்கியபோது பிலிப்ஸ் முதலில் கேட்டது 11.5 செ.மீ. அந்தக் குழுவில் இருந்த பொறியாளர் கீஸ் இம்மிங்க் சொல்லும் காரணம் வியாபாரம் சார்ந்தது. பிலிப்ஸைச் சேர்ந்த இசைத்தட்டு நிறுவனமான பாலிகிராமிடம் 11.5 செ.மீ. தட்டு செய்யும் வசதி முன்கூட்டியே இருந்தது, 12 செ.மீ. என்று ஆனால் அந்த முந்துகை சோனிக்கு எதிராகப் பயன்படாது. எனக்கு இதுதான் நம்பும்படியாக இருக்கிறது.